மதுரையை நடந்து பார்ப்போம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. கணித மாணவி ஒருவர்)

மதுரைக்குப் போகாதவர் நம் கல்லூரியில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். மதுரையைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால்தான் கைகள் தயங்கி எழும். திண்டுக்கல்லிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில் அந்த மாநகர் இருக்கிறது. திருமணத்திற்குச் சேலை எடுக்கப் போகிறோம். தேர்வு எழுதப் போகிறோம். நோயாளியைப் பார்க்கப் போகிறோம். போன வேலை முடிந்ததும் வந்த வழியே திரும்பி விடுகிறோம்.

என் தாயார் 2017-ஆம் ஆண்டில் தொடர்ந்து இருபது நாட்கள் மதுரையில் இருந்தவர். கொத்தனார் வேலை செய்யும் என் தந்தையார் சாரத்திலிருந்து விழுந்து, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருந்த காலம் அது. அவர் இப்போது நலமாக இருக்கிறார். அந்த இருபது நாட்களில் என் தாயார் பார்த்த மதுரை, வார்டு வாசல், மருந்துக் கடை, எதிரே ஒரு தேநீர்க் கடை, இவ்வளவே. "மருதைக்குப் போயிருக்கேன், மருதையப் பாத்ததில்ல" என்று அவர் அடிக்கடி சொல்வதைக் கேட்டே நான் வளர்ந்தேன். சென்ற மார்கழி விடுமுறையில் ஒருநாள் அவருக்குப் பூப்பறிக்கும் வேலை இல்லை. என் கையில் உதவித்தொகையில் மிச்சப்பட்ட எழுநூறு ரூபாய் இருந்தது. இருவரும் புறப்பட்டு விட்டோம். அந்த ஒருநாள் பயணத்தில் நான் அறிந்து கொண்டவற்றைத் தோழியருக்கும் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

போகும் வழி

மதுரைக்குப் பேருந்திலும் போகலாம், இரயிலிலும் போகலாம். முதன்முறையாக ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் இரயிலையே சொல்வேன். திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு இருப்புப்பாதை வந்தது 1875-ஆம் ஆண்டில். அம்பாத்துரை, கொடை ரோடு, வாடிப்பட்டி, சோழவந்தான், சமயநல்லூர், கூடல்நகர் என்று நிலையங்கள் வரிசையாக வரும். வண்டி தெற்கு நோக்கிப் போகும்போது இடப்பக்கம் சிறுமலை நெடுந்தூரம் கூடவே வருகிறது. கொடை ரோட்டில் திராட்சை விற்பார்கள். சோழவந்தானில் தென்னந்தோப்புகளுக்கு இடையே வெற்றிலைக் கொடிக்கால்கள் தெரியும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை அது. பிறகு வைகைப் பாலத்தைக் கடந்த சிறிது நேரத்தில் மதுரைச் சந்திப்பு வந்து விடுகிறது.

இரயிலைச் சொல்வதற்குக் காரணம் காட்சி மட்டுமன்று. பேருந்தில் போனால் நம்மை ஆரப்பாளையத்தில் இறக்கி விடுவார்கள். அங்கிருந்து ஊருக்குள் போக வேறொரு பேருந்து பிடிக்க வேண்டும். வெளியூர்ப் பேருந்துகளுக்கு மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம் என்று இரண்டு நிலையங்களும், நகரப் பேருந்துகளுக்குப் பெரியார் நிலையமும் இருப்பதால், புதிதாய் வருகிறவர் முதலில் குழம்புவது இங்கேதான். இரயில் நிலையமோ பழைய நகரின் மேற்கு விளிம்பிலேயே இருக்கிறது. நிலையத்தை விட்டு வெளியே வந்து சாலையைக் கடந்தால் டவுன் ஹால் ரோடு. அதில் நேராகக் கிழக்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடந்தால் மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரம். வெளியே நின்றிருந்த ஆட்டோக்காரர் ஒருவர் இந்தத் தூரத்திற்கு நூற்றைம்பது ரூபாய் கேட்டார். "கண்ணுக்குத் தெரியிற கோபுரத்துக்கு எதுக்குய்யா வண்டி?" என்று என் தாயார் கேட்டதும் அவரே சிரித்து விட்டார்.

மாதப் பெயர் கொண்ட வீதிகள்

மதுரையின் தெரு அமைப்பைப் புரிந்து கொண்டால் அந்த ஊரில் வழி தவறுவது கடினம். சங்க நூலான பரிபாடல் இந்நகரைத் தாமரைப் பூவுக்கும், தெருக்களை அதன் இதழ்களுக்கும், நடுவிலுள்ள கோயிலைப் பொகுட்டுக்கும் ஒப்பிடுகிறது. இன்றைய தெருக்கள் பெரும்பாலும் நாயக்கர் காலத்தில் ஒழுங்கு பெற்றவை என்றாலும், ஒன்றைச் சுற்றி ஒன்றாக விரியும் அந்த அமைப்பு இன்றும் மாறவில்லை.

கோயில் மதிலுக்கு உள்ளேயே இருப்பது ஆடி வீதி. மதிலுக்கு வெளியே முதலில் சித்திரை வீதி. அதற்கு அடுத்து ஆவணி மூல வீதி. அதற்கும் அடுத்து மாசி வீதி. கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றும் கோயிலைச் சுற்றி வரும் சதுரம். ஒவ்வொரு சதுரத்திற்கும் நான்கு பக்கங்கள் இருப்பதால் கீழ மாசி வீதி, மேல மாசி வீதி, வடக்கு மாசி வீதி, தெற்கு மாசி வீதி என நான்கு பெயர்கள் உண்டு. அந்தந்த மாதத் திருவிழாவில் சுவாமி உலா வந்த வீதிக்கு அந்த மாதத்தின் பெயர் அமைந்தது. அப்படியானால் சித்திரைத் திருவிழாவின் தேர் ஏன் மாசி வீதிகளில் ஓடுகிறது என்று நீங்கள் கேட்கலாம். முன்னர் மாசியில் நடந்து வந்த மீனாட்சி திருக்கல்யாணத்தையும் தேரோட்டத்தையும், அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரை விழாவோடு திருமலை நாயக்கர் இணைத்தார் என்று சொல்வார்கள். விழா மாதம் மாறியது. தேர் ஓடும் வீதி மாறவில்லை.

கணிதம் படிக்கிறவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு தளத்தில் ஒரு புள்ளியைக் குறிக்க இரண்டு முறைகளை முதலாண்டில் படித்தோம். நமக்குப் பழக்கமான முறையில், தொடக்கப் புள்ளியிலிருந்து இப்பக்கம் இத்தனை, அப்பக்கம் இத்தனை என்று அளக்கிறோம். துருவ ஆயத்தொலைவுகளில், நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு தொலைவு, எந்தத் திசை என்ற இரண்டை மட்டும் சொல்கிறோம். மதுரை முகவரி இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. 'மாசி' என்றால் தொலைவு. 'மேல' என்றால் திசை. திசைக்கு நான்கே மதிப்புகள், வட்டத்திற்குப் பதில் சதுரம், அந்தச் சதுரமும் சற்றுக் கோணலானது என்பதைப் பேராசிரியர்கள் மன்னித்தருள வேண்டும். ஆனால் பயன் பெரிது. தெற்கு ஆவணி மூல வீதி என்ற பலகையைப் பார்த்த உடனேயே, கோயில் எனக்கு வடக்கே இருக்கிறது, இடையில் சித்திரை வீதி ஒன்றுதான் குறுக்கிடும் என்று சொல்லி விடலாம். ஊர்ப்பலகையிலேயே வரைபடம் இருக்கிறது.

இந்த ஒழுங்கில் இடையே புகுந்தவை மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். மாசிக்கும் வெளிக்கும் நடுவே இவை வருகின்றன. 1840-களை ஒட்டி, கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் என்ற ஆங்கிலேயர் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். அந்தப் பணியில் முன்னின்ற இருவரின் பெயர்களே அந்த வீதிகளுக்கு வந்தன. பிளாக்பர்ன் நினைவாக நின்ற விளக்குக் கம்பம்தான், துணிக்கடைகளுக்கும் ஜிகர்தண்டாவுக்கும் பேர்போன இன்றைய விளக்குத்தூண். மதில் இருந்த இடத்திற்கு வெளியே அமைந்ததால் கடைசிச் சதுரம் வெளி வீதி ஆயிற்று.

பெய்ஜிங் நகரில் இதே கதை

உலகின் மறுகோடியில் உள்ள ஒரு மாநகரும் ஏறக்குறைய இதே முறையில் வளர்ந்திருக்கிறது என்பதைப் படித்தபோது வியப்படைந்தேன். அது சீனத் தலைநகர் பெய்ஜிங். நான் பார்த்ததில்லை, நூலகத்தில் படித்ததுதான். அங்கே நடுவில் இருப்பது 1420-இல் கட்டி முடிக்கப்பட்ட பேரரசர் அரண்மனை. 1925 முதல் அது அருங்காட்சியகம். அதனைச் சுற்றிப் பழைய நகரம். அதனைச் சுற்றி மதில். அந்த மதிலின் பெரும்பகுதியை 1960-களில் இடித்தார்கள். மதில் இருந்த தடத்திலேயே பூமிக்கடியில் ஒரு சுற்று இரயில் பாதையும், மேலே இரண்டாம் வட்டச் சாலையும் அமைந்தன. நம் வெளி வீதியின் பெரிய உடன்பிறப்பு என்றே அதைச் சொல்லலாம். அதற்கும் வெளியே மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று வட்டச் சாலைகள் எண்ணிட்டு விரிகின்றன. இன்று அந்நகரின் சுரங்க இரயில் பாதைகள் 800 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளம் உடையவை.

பெயரிலும் ஒற்றுமை உண்டு. சீன மொழியில் 'மென்' என்றால் வாயில். அந்நகரின் பல இரயில் நிலையங்களின் பெயர்கள் 'மென்' என்று முடிகின்றன. கோட்டை வாயில்கள் பல போய்விட்டன. பெயர்கள் மட்டும் நிலையங்களில் நிற்கின்றன. தெருப் பெயர்களில் கிழக்கு, மேற்கு என்ற சொற்களோடு, வாயிலுக்கு உட்புறம், வெளிப்புறம் என்ற சொற்களும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே அங்கேயும் தெருவின் பெயரே திசையையும் தொலைவையும் சொல்லி விடுகிறது. அரண்மனைக்குப் பின்னால் ஒரு குன்று இருக்கிறதாம். அகழி தோண்டிய மண்ணைக் குவித்து எழுப்பிய குன்று அது. அதன் உச்சியில் ஏறினால் முழு அரண்மனையும் காலடியில் தெரியுமாம். மதுரையில் மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளமே வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஆயிற்று என்று சொல்கிறார்களே, அது என் நினைவுக்கு வந்தது. அவர்கள் எடுத்த மண்ணைப் பார்க்கிறார்கள். நாம் எடுத்த பள்ளத்தைப் பார்க்கிறோம்.

வழி தவறியது

இவ்வளவும் தெரிந்த நான்தான் அன்று வழி தவறினேன்!

கோயிலுக்குள் கைப்பேசிக்கு 2018 முதல் அனுமதி இல்லை. மேலைக் கோபுர வாசலில் செருப்பையும் கைப்பேசியையும் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக் கொண்டு உள்ளே போனோம். அம்மன் சந்நிதி, பொற்றாமரைக் குளம், முக்குறுணிப் பிள்ளையார், சுவாமி சந்நிதி, பிறகு ஆயிரங்கால் மண்டபம் என்று சுற்றினோம். ஆயிரங்கால் என்று பெயர் இருந்தாலும் தூண்கள் 985 தான். கற்சிற்பங்களைப் பற்றி எழுத எனக்குத் தகுதி போதாது. என் தாயார் ஒவ்வொரு தூணையும் கையால் தொட்டுப் பார்த்துக் கொண்டே வந்தார் என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

வெளியே வந்தபோது எதிரே கண்ட தெரு வரும்போது பார்த்த தெருவாக இல்லை. செருப்பு வைத்த இடத்தைக் காணோம். கால் சுடத் தொடங்கி விட்டது. கைப்பேசியில் வரைபடம் பார்த்தே பழகிய எனக்கு, கையில் அது இல்லாதபோது நான்கு கோபுரங்களும் ஒன்றுபோலவே தெரிந்தன. இடப்பக்கமாகப் போகலாம் என்று சொல்லி ஐம்பது அடி நடந்தும் விட்டேன். யாரிடமாவது கேட்கலாம் என்றால் கூச்சம். கல்லூரியில் படிக்கும் பெண் கோயில் வாசலில் வழி கேட்பதா என்ற வீண் எண்ணம்!

என் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் நின்று, நெற்றியில் கை வைத்து வானத்தைப் பார்த்தார். "ஏ பாப்பா, டேசன்லேருந்து வாரப்ப வெயிலு மூஞ்சில அடிச்சுச்சுல்ல? அப்ப செருப்பு கெடக்குற எடத்துக்குப் போனா முதுகுலதான அடிக்கணும்? நீ பாட்டுக்கு வெயிலப் பாத்துப் போறியே" என்றார். அப்போது மணி பத்தரை இருக்கும். நாங்கள் தெற்குக் கோபுரம் வழியாக வெளியே வந்திருந்தோம். வலப்பக்கம் திரும்பி, தெற்குச் சித்திரை வீதி முடியும் மூலையில் மீண்டும் வலப்பக்கம் திரும்பியதும், மேலைக் கோபுரமும் எங்கள் செருப்பும் அங்கேயே இருந்தன. சீட்டில் எழுதியிருந்த எண்ணை மட்டும் நான் படித்துச் சொன்னேன்.

வயல்காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதன்று என்று பிறகு யோசித்தேன். நம் சமவெளியில் எங்கே நின்றாலும் மலைக்கோட்டைப் பாறை ஒருபுறம், சிறுமலை ஒருபுறம், மேற்கே கொடைக்கானல் மலைத்தொடர் ஒருபுறம் என்று அடையாளம் வைத்துத்தான் வீடு திரும்புகிறோம். மதுரையில் பாறைக்குப் பதில் கோபுரம். அவற்றுள் உயர்ந்தது தெற்குக் கோபுரம். ஏறத்தாழ 170 அடி. 16-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. பழமையானது கிழக்குக் கோபுரம். 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. நெடுங்காலம் முற்றுப் பெறாமலிருந்ததால் வடக்குக் கோபுரத்தை மொட்டைக் கோபுரம் என்பார்கள். கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் எல்லைக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பக் கூடாது என்று 1997-இல் அரசாணை வந்தது. அது பக்திக்காக மட்டும் என்று எண்ணியிருந்தேன். அன்றைக்கு எங்களைப் போன்றவர்களுக்கு அது வழிகாட்டிப் பலகையாகவும் இருந்தது.

மற்ற இடங்கள்

டவுன் ஹால் ரோட்டில் வரும்போது மேல மாசி வீதி குறுக்கிடும் அல்லவா? அந்த வீதியில் 251-ஏ எண்ணுள்ள வீட்டில்தான் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் தம் பழைய உடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். இப்போது கீழே கதர்க் கடை இருக்கிறது. கடை என்று நினைத்துக் கடந்து போய்விடாதீர்கள்.

கிழக்குக் கோபுரத்திற்கு எதிரே புது மண்டபம். தையற்காரர்களும் பாத்திரக் கடைக்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் தலைமுறை தலைமுறையாகத் தூண்களுக்கு நடுவே தொழில் செய்த இடம். அண்மை ஆண்டுகளில் அக்கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்திற்கு மாற்றி விட்டார்கள். மண்டபத்திற்கு நல்லதுதான்; எனினும் தையல் இயந்திரச் சத்தத்தோடு அதைப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்கு இல்லாமற் போயிற்று. தெற்கு ஆவணி மூல வீதி முழுவதும் நகைக்கடைகள். கீழ மாசி வீதியில் பலசரக்கு மொத்தக் கடைகள். பகல் கடைத்தெருவையும் இரவுக் கடைத்தெருவையும் மதுரைக் காஞ்சி தனித்தனியே பாடிய ஊரல்லவா!

விளக்குத்தூணைத் தாண்டித் தென்கிழக்கே நடந்தால் திருமலை நாயக்கர் மகால். 1636-இல் கட்டப்பட்டது. இன்று நாம் காண்பது பழைய அரண்மனையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. திருமலை நாயக்கரின் பேரனான சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பல பகுதிகளைப் பிரித்துக் கொண்டு போனார். எஞ்சியதை 19-ஆம் நூற்றாண்டில் ஆளுநர் நேப்பியர் பழுது பார்க்கச் செய்தார். அந்தத் தூண்களுக்கு நடுவே நின்று மேலே பார்த்த என் தாயார், "ஒங்க அப்பா இதுல எத்தன ஆள் ஒசரத்துக்குச் சாரம் கட்டணும்!" என்றார். நான் மறுமொழி சொல்லவில்லை.

பகல் பன்னிரண்டரை மணி அளவில் கோயில் நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். அதனால் கோயிலை முற்பகலில் முடித்து விடுவது நல்லது. உச்சி வெயில் நேரத்திற்கு வைகைக்கு வடகரை ஏற்றது. ராணி மங்கம்மாள் காலத்துத் தமுக்கம் அரண்மனையில் 1959-இல் நேரு திறந்து வைத்த காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. காந்தியடிகள் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ஆடையின் பகுதி அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளது. அரையாடை பிறந்த ஊரிலேயே அந்தக் கடைசி ஆடையும் இருக்கிறது.

நகரப் பேருந்துகளைப் பற்றி ஒரு சொல். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லும் திட்டம் 2021 மே மாதம் தொடங்கியது. முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசியவற்றைப் பார்த்து ஏறினோம். பேருந்துப் பலகையைப் படிக்க முடியாத என் தாயாரே தூரத்தில் வரும்போதே நிறத்தை வைத்து "நம்ம பஸ் வருது" என்று சொல்லி விடுவார். பெண்கள் தனியே வெளியூர் போகத் தயங்குவதற்குக் கழிப்பறையும் ஒரு காரணம் என்பதை வெட்கப்படாமல் எழுதுகிறேன். இரயில் நிலையம், அருங்காட்சியகம், கீழே நான் சொல்லப் போகும் நூலகம் ஆகியவற்றை நாங்கள் பயன்படுத்திக் கொண்டோம். கடைத்தெருவில் இதற்கு அலைய வேண்டியிருக்கும்.

நூலகம்

புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திற்குத்தான் நான் உண்மையில் ஆசைப்பட்டுப் போனேன். இரண்டு இலட்சம் சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடம். உள்ளே நுழையக் கட்டணம் இல்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் என் தாயார் தயங்கி நின்று விட்டார். "நான் எதுக்கு? நீ போய்ட்டு வா. இங்கன ஒக்காந்திருக்கேன்" என்றார். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்த அதே பழக்கம். காவலர் அம்மா ஒருவர், "உள்ள ஏ.சி.யா இருக்கும், வாக்கா" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

கணிதப் பகுதியில் நான் ஒரு மணி நேரம் இருந்தேன். நம் கல்லூரி நூலகத்தில் ஒரே பிரதியாக இருந்து, என் முறை வருவதற்குள் பருவம் முடிந்து போன பகுமுறை வடிவியல் நூல் அங்கே அலமாரியில் மூன்று பிரதிகள் இருந்தன. திரும்பி வந்து பார்த்தால் என் தாயார் குழந்தைகள் பிரிவில், படக்கதைப் புத்தகம் ஒன்றைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் கொண்டிருந்தார். படத்திலேயே கதையைப் புரிந்து கொண்டார். நரி ஏமாற்றியதை வழியெல்லாம் எனக்குச் சொல்லிக் கொண்டு வந்தார்.

மாலையில் ஆரப்பாளையம் வந்து திண்டுக்கல் பேருந்தில் ஏறினோம். இருவருக்கும் இரயில், பேருந்து, சாப்பாடு, ஆளுக்கொரு ஜிகர்தண்டா, தங்கைக்கு வளையல் எல்லாம் போக நூற்றுப் பத்து ரூபாய் மீதி இருந்தது.

பொங்கல் கழிந்து என் சித்தி மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. அவரும் படிக்காதவர். வழி சொல்வதற்காக நான் தாளும் பேனாவும் எடுத்து வரைபடம் போட உட்கார்ந்தேன். அதற்குள் என் தாயார் திண்ணையிலிருந்தே சொல்லி முடித்து விட்டார்: "டேசன்ல எறங்கி வெயிலுக்கு நேரா நட. கோபுரம் வரும். மறக்காம காலம்பற வண்டியிலயே போ. சாயங்காலம் போனா வெயிலு பின்னால போயிரும், நீ பாட்டுக்கு ஆரப்பாளையத்துக்கு நடந்துராத."